பலாலி விமான நிலையம் யாருக்கு?

2019 அக்டோபர் 17ல் பலாலியில் பெரிய விழா நடந்தது. ஜனாதிபதி சிறிசேனா வந்தார். பிரதமர் ரணில் விக்கிரமசிங்கா வந்தார். "யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம்" என்ற புதுப் பெயர் சூட்டினார்கள். கனதனவான்களுக்குப் பூரிப்பு!

பெயர் மாறியது. நிலம் இழந்தவனின் கதி மாறியதா?

பழைய கதையைப் பாருங்கள். இரண்டாம் உலக யுத்தத்தில் பிரிட்டிஷ் விமானப் படை வலிகாமம் வடக்குச் செம்மண்ணில் இந்த ஓடுபாதையைப் போட்டது. ஏகாதிபத்தியத்தின் யுத்தத்துக்கு நமது மண்! 1947 டிசம்பர் 10ல் ஏர் சிலோன் விமானம் இரத்மலானையிலிருந்து இங்கே இறங்கிச் சென்னைக்குப் பறந்தது. காசுள்ளவன் ஏறினான். வெங்காயத் தோட்டத்தில் குனிந்து நின்ற கூலிக்காரன் கண்டது அதன் நிழலைத்தான்.

பிறகு மீண்டும் பட்டாளம். 1987ல் இந்திய அமைதிப் படைக்கும் இதுவே தளம். 1990ல் சண்டை மூண்டு, சுற்றுக் கிராமங்களின் மக்கள் உடுத்த துணியோடு ஓடினார்கள். அதே ஆண்டில் காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையும் நின்றது. ஆலைத் தொழிலாளிக்கு வேலை போயிற்று. விவசாயக் கூலிக்கு மண்வெட்டி போட இடம் போயிற்று. இருவரும் ஒரே அகதி முகாமில் அரிசிக்கு வரிசையில் நின்றார்கள்.

2009ல் யுத்தம் முடிந்தது. நிலம் திரும்பியதா? இல்லை! 2013 ஏப்ரலில் 6,381 ஏக்கரை எடுக்கப்போவதாக அறிவித்தல் வந்தது. உரிமையாளர்களைக் கண்டறிய முடியவில்லையாம்! சில மைல் தூரத்து முகாமில் இருந்தவனை அரசாங்கத்துக்குத் தெரியாதா? வாக்குக் கேட்க மட்டும் வழி தெரியுமா? 2,000க்கு மேற்பட்டவர்கள் நீதிமன்றம் ஏறி, "இதோ இருக்கிறோம்" என்று சொன்னார்கள்.

"பாதுகாப்பு" என்றார்கள். உழவனை விரட்டிய நிலத்தில் பட்டாளம் பயிர் செய்தது. காங்கேசன்துறைக் கடற்கரையில் உல்லாச விடுதி நடத்தியது. இதுவா பாதுகாப்பு?

விமானம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கொரோனாவால் 2020ல் நின்ற சென்னைச் சேவை 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது, நல்லது. வைத்தியத்துக்கும் உறவு பார்க்கவும் ஏழையும் போகட்டும். ஆனால் இரண்டு மைல் நீளம்கூட இல்லாத ஓடுபாதைக்கு ஆயிரக்கணக்கான ஏக்கர் எதற்கு?

போராட்டத்தின் பலனாக 2015 முதல் நிலம் துண்டு துண்டாக விடுவிக்கப்பட்டது. 2025லும் முழுவதும் விடுபடவில்லை. விடுபட்டதும் யாருக்கு? உறுதி வைத்திருந்தவனுக்கு! பிறர் காணியில் குடிசை போட்டு, கூலிக்குத் தண்ணீர் இறைத்தவனிடம் என்ன பத்திரம் இருக்கிறது? முகாமில் கடைசிவரை கிடந்தவர்களில் பலர் இந்தக் காணியற்றவர்களே, ஒடுக்கப்பட்ட சாதியினரே. வேலி திறந்தாலும் அவனுக்குப் போக இடமில்லை.

ஆகவே நமது கோரிக்கை ஒன்றல்ல, இரண்டு. எடுத்த நிலத்தை உடனே கொடு! காணியற்ற கூலிக்குக் குடியிருக்கவும் பயிரிடவும் நிலம் கொடு! முதலாவதை மட்டும் பேசி இரண்டாவதை மறைக்கும் தலைவர்களை நம்பாதீர்கள்.

ஆலைத் தொழிலாளியும் விவசாயக் கூலியும் சேர்ந்து கேட்டால்தான் இரண்டும் கிடைக்கும். சேருங்கள்! கேளுங்கள்!