பயறுப் பயிர்களும் நீர் நெருக்கடியும்

விஞ்ஞானக் கட்டுரைகளைத் தமிழாக்கும்போது ஒரு சொல் என்னைப் பலமுறை தயங்க வைத்ததுண்டு. நீர் போதாமையால் பயிருக்கு நேரும் இடர்ப்பாட்டை 'வாட்டம்' எனப் பெயர்த்துவிடுவது எளிது. ஆயினும் அது பிழையாகும். இலை வாடுவதற்கு முன்னரே அதன் நுண்துளைகள் மூடத் தொடங்குகின்றன. வேர் முடிச்சுகளில் நைட்ரஜன் நிலைப்படுத்தும் வேலை தளர்கிறது. எனவே 'நீர் நெருக்கடி' என்பதே பொருத்தமான சொல்லெனக் கருதுகிறேன்.

இது வெறும் சொல்லாராய்ச்சியன்று. மத்தியப் பிரதேசத்தின் கரிசல் நிலங்களில் மழைக்காலம் ஓய்ந்தபின் விதைக்கப்படும் கொண்டைக்கடலை, பெரும்பாலும் மண்ணில் தங்கிய ஈரத்தைக் கொண்டே வளர்கிறது. பூத்துக் காய் பிடிக்கும் பருவத்திலேயே அவ்வீரம் குறைகிறது. குட்டை நீரைக்கொண்டு ஒரு முறை மட்டுமே பாய்ச்சக்கூடிய உழவர், அதை எந்நாளில் பாய்ச்சுவது? வாட்டம் கண்டபின் பாய்ச்சினால் பூவும் பிஞ்சும் உதிர்ந்திருக்கும்; தேவைக்கு மிஞ்சிப் பாய்ச்சினாலோ செடி தழைத்துக் காய் குறையும்.

மண்ணை 105 டிகிரி சென்டிகிரேடில் உலர்த்தி எடைபோடும் பழைய முறை, மண்ணிலுள்ள ஈரத்தைக் கூறும். செடியின் நிலையைக் கூறாது. அதற்குச் செடியையே கேட்கவேண்டும். பறித்த இலையின் எடை 8 பங்கு, நீரில் ஊறியபின் 10 பங்கு, உலர்ந்தபின் 2 பங்கு எனக் கொள்வோம். இலை கொள்ளக்கூடிய நீர் 8 பங்கு. பறித்தபோது இருந்தது 6 பங்கு, அதாவது 75 சதவிகிதம். இதற்குத் தராசும் உலர்த்தும் அடுப்பும் போதும்.

இலையைப் பறியாமலே அறியவும் வழியுண்டு. நீராவியை வெளிவிடும் இலை குளிர்ந்திருக்கும். துளை மூடிய இலை சூடேறும். இவ்வடிப்படையில் இலைக்கும் காற்றிற்குமுள்ள உஷ்ண வேறுபாட்டைக் கொண்டு நெருக்கடியை அளக்கும் குறியீடு 1981-ல் அமெரிக்காவில் வகுக்கப்பட்டது. இலைகள் தரையை மூடாத வயலில் அகச்சிவப்பு உஷ்ணமானி வெறும் மண்ணின் சூட்டையும் சேர்த்துக் காட்டிவிடும் என்பதை மறத்தலாகாது.

ஆராய்ச்சி நிலையங்களில் வறட்சி தாங்கும் வகைகளைத் தேர்வதற்கு இவ்வளவைகள் பயன்பட்டு வருகின்றன. அது நன்றே. ஆயினும் அவை வயல் வரப்பையும் எட்டவேண்டும். வயலின் ஒரு மூலையில் சிறு பாத்திக்கு மட்டும் தவறாது நீர் விட்டு, நண்பகலில் அதன் இலைச் சூட்டையும் ஏனைய பயிரின் இலைச் சூட்டையும் ஒப்பிட்டால் போதும். வேறுபாடு வளர்வதே எச்சரிக்கையாகும். ஒவ்வொரு விரிவாக்க ஊழியர் கையிலும் இக்கருவி இருத்தல் வேண்டும் என்பது என் கருத்து. கண்ணுக்கு வாட்டம் தெரியும்வரை காத்திருப்பது, கேடு முற்றிய பின் மருந்து தேடுவதையொக்கும்.