ஓரத்தில் இருக்கிறது வில்லங்கம்

காலை நடையில் நண்பர் ஒருவர் கைபேசியை நீட்டினார். "பாருங்க சார், பிரெஞ்சுக்காரன் செயற்கைச் சூரியனை 22 நிமிஷம் எரிய வச்சிட்டான். இன்னும் பத்து வருஷத்துல கரண்ட் பில்லே கிடையாது!"

உங்களுக்கும் அந்தச் செய்தி வந்திருக்கும். பள்ளிப் படிப்பு முழுவதும் பிரெஞ்சில் படித்தவன் நான். அந்த நாட்டுப் பத்திரிகைகளை இன்றும் படிக்கிறேன். "பெட்டிக்குள் சூரியன்" என்று அவர்கள் எழுதி எழுதி எனக்கு அலுத்துவிட்டது.

செய்தி பொய்யல்ல. 2025 பிப்ரவரி 12 அன்று, தென் பிரான்சில் கதராஷ் என்ற இடத்தில் வெஸ்ட் என்னும் இயந்திரம் 1,337 விநாடிகள் பிளாஸ்மாவைப் பிடித்து வைத்தது. பெரிய சாதனைதான். ஆனால் அதற்குள் செலுத்திய வெப்பம் 2 மெகாவாட். பக்கத்திலேயே கட்டிவரும் ஈட்டர் என்ற ராட்சத இயந்திரத்தில் 50 மெகாவாட் செலுத்தி, 500 மெகாவாட் இணைவு ஆற்றல் எடுக்க வேண்டும். சிறு தணலில் பாலை வைப்பதும், கொழுந்துவிடும் அடுப்பில் வைப்பதும் ஒன்றா?

எத்தனை கோடி டிகிரி, எத்தனை விநாடி என்று எழுதுகிறவர்கள், ஓரத்தில் என்ன நடக்கிறது என்று எழுதுவதில்லை. என் சண்டை அதோடுதான்.

1982-ல் ஜெர்மனியின் கார்ஷிங்கில் ஃப்ரீட்ரிஷ் வாக்னர் ஒன்றைக் கண்டுபிடித்தார். வெப்பத்தை ஓர் அளவுக்குமேல் கூட்டியதும், பிளாஸ்மாவின் ஓரத்தில் தானாகவே ஒரு தடுப்பு உண்டானது. சோற்றுப் பானைக்கு மூடி போட்டதுபோல. உள்ளே வெப்பம் தங்குவது ஏறக்குறைய இரட்டிப்பானது. ஈட்டரின் கணக்கே இந்த மூடியை நம்பித்தான் போடப்பட்டது.

மூடி போட்டால் கஞ்சி பொங்கும் என்று நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். இங்கும் அதே கதை. சில சென்டிமீட்டருக்குள் அழுத்தம் கிணற்றுச் சுவர்போலச் செங்குத்தாக இறங்குகிறது. அளவு மீறினால் ஓரம் வெடித்துச் சிதறுகிறது. பிளாஸ்மா சேர்த்து வைத்த ஆற்றலில் சில சதவீதம், ஆயிரத்தில் ஒரு விநாடிக்குள் சுவர்மேல் பாய்கிறது. மறுபடி சேர்கிறது, மறுபடி வெடிக்கிறது. இன்றைய சிறு இயந்திரங்கள் தாங்கிக்கொள்கின்றன. ஈட்டர் அளவில் அடக்காமல் விட்டால், 3,400 டிகிரிவரை உருகாத டங்ஸ்டன்கூட மேற்பரப்பில் உருகும். எவ்வளவு நன்றாக வெப்பத்தை அடைக்கிறோமோ, அவ்வளவு கோபமாக ஓரம் வெடிக்கிறது. வெற்றியே விளைவிக்கும் வினை இது.

மருந்து இல்லாமல் இல்லை. ஈட்டரின் உட்சுவரில் 27 காந்தச் சுருள்கள் வைக்கிறார்கள். அவை ஓரத்தில் காந்தப்புலத்தை லேசாகக் குலைத்து, அழுத்தத்தைக் கசியவிடும். மூடியைக் கொஞ்சம் விலக்கி வைப்பது போலத்தான். அதிகம் விலக்கினால் சூடு போய்விடும். முற்றிலும் பொங்கவிடாமல் வைத்தாலும் தொல்லை: அந்தப் பொங்கல்தான் உள்ளே சேரும் அழுக்கையும் வெளியே தள்ளுகிறது. சான் டியேகோவிலும் கொரியாவிலும் ஜெர்மனியிலும் சீனாவிலும் இந்த வித்தை பலித்திருக்கிறது. ஆனால் தன் வெப்பத்தாலேயே எரியும் பிளாஸ்மாவில் யாரும் செய்து பார்க்கவில்லை. காந்த இயந்திரம் எதிலும் அப்படி ஒன்று இன்னும் எரியவே இல்லையே!

நான் அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவன். கோப்பின் முதல் பக்கத்தில் சாதனையும், கடைசி இணைப்பில் சிக்கலும் இருப்பதைப் பார்த்துப் பார்த்தே ஓய்வு பெற்றேன். கடைசி இணைப்பைப் படிக்காமல் கையெழுத்துப் போட்ட அதிகாரிகள் பிற்பாடு பட்ட பாட்டையும் பார்த்திருக்கிறேன்.

"என்ன சார், ஆராய்ச்சியே வேண்டாங்கறீங்களா?" என்று நண்பர் கேட்டார். இல்லவே இல்லை. அது நடக்கட்டும், பணமும் கொடுக்கட்டும். அதில் நம் பணமும் இருக்கிறது. ஈட்டரில் இந்தியாவின் பங்கு ஏறக்குறைய 9 சதவீதம். இயந்திரத்தைச் சுற்றி நிற்கும் பிரம்மாண்டமான குளிர்கலத்தின் பாகங்கள் குஜராத்தின் ஹஸீராவில் செய்து போனவை. அதனால்தான் கேட்கிறேன்: பங்காளிக்கு முழுக் கணக்கும் காட்ட வேண்டாமா?

முதலில் 2016-ல் எரியும் என்றார்கள். பிறகு 2025 என்றார்கள். இப்போது ஆராய்ச்சி தொடங்குவது 2034, உண்மையான எரிபொருள் போடுவது 2039 என்கிறார்கள். அப்போதும் அது ஒரு விளக்குக்குக்கூட மின்சாரம் தராது. அது சோதனை இயந்திரம், மின் நிலையம் அல்ல. விஞ்ஞானிகள் இதையெல்லாம் மறைக்கவில்லை. அவர்கள் கட்டுரைகளில் ஓரத்தைப் பற்றித்தான் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். தலைப்புப் போடுகிறவர்களும் முதலீடு திரட்டுகிறவர்களும்தான் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு நமக்கு அனுப்புகிறார்கள்.

ஒரு மனை வாங்கினால்கூட வில்லங்கச் சான்றிதழ் கேட்கிறோம். அடுத்தமுறை "செயற்கைச் சூரியன்" என்று செய்தி வந்தால், நடுவில் எத்தனை கோடி டிகிரி என்று வியக்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ஓரம் எப்படி இருக்கிறது?"

அதற்குப் பதில் இருந்தால் எனக்கும் அனுப்புங்கள். அதுவரை மின்கட்டணத்தைக் கெடு தேதிக்குள் கட்டிவிடுங்கள்.