வாத்தியார் மனசு நிறைஞ்சாத்தானே...



எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். பத்தாம் வகுப்பு முடித்த அந்த மே மாத வெயிலில், ஒரு தனியார் கல்லூரி ஆசிரியர் விண்ணப்பப் படிவங்களோடு எங்கள் தெருவுக்கு வந்தார். "பத்துப் பிள்ளைகளையாவது சேர்க்கணும் தம்பி, இல்லேன்னா சம்பளத்துல கை வைப்பாங்க" என்றார். செங்கல் சூளையில் வேலை பார்க்கும் என் அப்பா, அவருக்குச் செம்பு நிறைய தண்ணீர் கொடுத்து அனுப்பிவிட்டுக் கேட்டார்: "இவ்வளவு படிச்ச வாத்தியாருக்கே இந்த நிலைமையா?"

நான் அரசு பாலிடெக்னிக்கில் சேர்ந்தேன். இங்கே ஆசிரியர்களுக்கு ஒரு குறையும் இருக்காது என்றுதான் நினைத்தேன். வந்த பிறகுதான் தெரிந்தது, ஒரே அறைக்குள் இரண்டு உலகம்! நிரந்தர விரிவுரையாளருக்கு ஏழாவது ஊதியக் குழுவின்படி தொடக்க அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய். பக்கத்து நாற்காலியில் இருக்கும் பகுதி நேர சாருக்கோ எடுத்த வகுப்புக்கு மட்டும்தான் பணம். விடுமுறை விட்டால் அதுவும் நின்றுவிடும்.

எங்களுக்கு வெப்பப் பொறியியல் நடத்திய சார் பகுதி நேரம்தான். பாய்லரைக் கரும்பலகையில் வரைந்தால் நீராவி நம் முகத்தில் அடிப்பது போல இருக்கும். பாலிடெக்னிக் விரிவுரையாளர் பணிக்காக 2017-இல் 1,058 இடங்களுக்கு நடந்த தேர்வையும் எழுதியவர். முறைகேடு என்று 2018-இல் அது ரத்தானது. மறுதேர்வு 2021-இல்தான் நடந்தது. காத்திருந்து களைத்தவர், செமஸ்டர் பாதியில் ஒரு கம்பெனி வேலைக்குப் போய்விட்டார். "உங்கள விட்டுட்டுப் போக மனசில்லடா. வீட்டு வாடகை காத்திருக்காதே" என்றார் கடைசி நாளில். அந்தத் தாளில் வகுப்பில் பாதிப் பேருக்கு அரியர். எனக்கும்தான்!

முழுச் சம்பளம் வாங்கியும் சலிப்போடு வகுப்புக்கு வருகிறவர்களும் உண்டு. சொன்னால் கோபிக்கக் கூடாது. ஆகவே அரசா, தனியாரா என்பதல்ல கேள்வி. நாளைக்கும் இந்த வேலை இருக்குமா, நம்மை மதிக்கிறார்களா, சொல்லிக்கொடுக்க விடுகிறார்களா? இந்த மூன்றும் இருந்தால்தான் ஆசிரியர் மனசு நிறையும்.

பஸ் பாஸுக்கும் உதவித்தொகைக்கும் மனு எழுதும் நம் மாணவர் பேரவை, காலிப் பணியிடங்களை நிரப்பச் சொல்லியும் ஒரு மனு எழுதட்டும். அது நம் அரியர் தாளுக்காகவும்தான்!

நான் வாத்தியாராக வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. எனக்கும் ஆசைதான். ஆனால் மே மாத வெயிலில் படிவத்தோடு தெருத்தெருவாக அலைகிற வாத்தியாராக அல்ல!

– மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்