ஐந்நூறு ரூபாய் முன்பணமும் ஓடாத சார்ஜரும்

இது நீளமான பதிவு. பொறுமை இருப்பவர்கள் படியுங்கள். இல்லாதவர்கள் வழக்கம்போல ஒரு லைக் போட்டுவிட்டுப் போங்கள், மார்க் குறைக்க மாட்டேன்.

போன மாதம் அக்காவுக்குச் சென்னையில் கண்புரை அறுவை சிகிச்சை நடந்தது. காலையில் பஸ்ஸில் போனோம். தம்பி மகன் தன் மின்சாரக் காரில் செங்கல்பட்டுக்கு ஒரு வேலையாகப் போயிருந்தான். மாலையில் திரும்பும் வழியில் எங்களை மருத்துவமனையிலிருந்து ஏற்றிக்கொண்டான். கோட்டைக்குப்பத்திலிருந்து செங்கல்பட்டு போய்ச் சென்னை வந்து சேர்வதற்குள் வண்டி நிறைய ஓடிவிட்டது. செங்குன்றம் தாண்டும்போது பேட்டரியில் 11 சதவீதம்தான் மீதி. "பயப்படாதீங்க பெரியப்பா, ரோட்டு ஓரத்திலேயே சார்ஜர் இருக்கு" என்றான். இருந்தது. பச்சை விளக்கும் எரிந்தது. அப்போது மணி இரவு எட்டேகால்.

அவன் போனில் ஏற்கெனவே மூன்று கம்பெனிகளின் ஆப் இருந்தது. இந்த சார்ஜர் நாலாவது கம்பெனி. ஆப்பை இறக்கி, பெயர், மின்னஞ்சல், வண்டி எண் எல்லாம் கொடுத்து, ஓ.டி.பி.க்காகக் காத்திருந்தோம். வந்தது. ஆனால் வாலட்டில் பணம் போட்டால்தான் வண்டி ஏறும், குறைந்தது ஐந்நூறு. வீடு போய்ச் சேர எங்களுக்குத் தேவைப்பட்டது இருநூறு ரூபாய்க் கரண்ட். சரி என்று ஐந்நூறு கட்டினான். வங்கியிலிருந்து பணம் போனதாக மெசேஜ் வந்தது. வாலட்டில் பூஜ்யம். பத்து நிமிடம் பார்த்துவிட்டு இன்னொரு ஐந்நூறு கட்டினான். இந்தத் தடவை ஏறியது. கன்னை மாட்டினால் 'தொடங்க இயலவில்லை'. உதவி எண்ணை அழைத்தால் தமிழுக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு இரண்டு என்று சொல்லிவிட்டு வெறும் பாட்டு.

பக்கத்து டீக்கடைக்காரர்தான் கடைசியில் எங்களைக் காப்பாற்றினார். "அந்த கன் ஒரு வாரமா வேலை செய்யல சார், இந்தப் பக்கம் இருக்கறதை மாட்டுங்க." மாட்டினோம். இருபது நிமிடம் ஓடித் தானாகவே நின்றுவிட்டது. ஏறியது 8 யூனிட். யூனிட் 20 ரூபாய் என்று போட்டிருந்தார்கள், அதாவது 160. அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. 28 ரூபாய் 80 காசு. இதைப் பில் வந்த பிறகுதான் பார்த்தோம். அக்கா ஒரு கண்ணில் மறைப்போடு பின் சீட்டில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தார். சொட்டு மருந்து போட வேண்டிய நேரத்தில் டீக்கடை விளக்கு வெளிச்சத்தில் நான்தான் போட்டேன். "என்னடா தம்பி, காசு இருந்தும் கடன்காரன் மாதிரி நிக்கறோம்" என்றார். இதை எழுத உட்கார வைத்தது அந்த வார்த்தைதான்.

மைத்துனர் இதைப் படித்ததும் "அப்பவே சொன்னேன், பெட்ரோல் கார் வாங்கியிருக்கலாம்" என்று கமென்ட் போடுவார் என்று தெரியும். போடட்டும். வண்டி மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ராத்திரி வீட்டில் சார்ஜ் போட்டு வைத்தால் காலையில் பொன்னேரிக்கும் மீஞ்சூருக்கும் ஏறி இறங்குகிற செலவு பெட்ரோலோடு ஒப்பிட்டால் கால்வாசி கூட வருவதில்லை. கரண்டும் குற்றவாளி இல்லை. கரண்டுக்குக் காசு வாங்குகிற முறைதான் குற்றவாளி.

மாணவர்கள் சிலருக்கு இந்த இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்திருக்காது. சார்ஜருக்குள் ஒரு சிம் கார்டு இருக்கிறது. அது கம்பெனியின் சர்வரோடு பேசுகிறது. உங்கள் போனில் உள்ள ஆப்பும் அதே சர்வரோடு பேசுகிறது. சர்வர் பணம் வசூலிக்கும் இன்னொரு நிறுவனத்தோடும், அந்த நிறுவனம் வங்கியோடும் பேசுகிறது. எல்லாரும் 'சரி' என்று சொன்ன பிறகுதான் கரண்ட் பாயும். நடுவில் ஒருவர் தூங்கினாலும் பாயாது. நெடுஞ்சாலை ஓரத்தில் உங்கள் போனுக்கு சிக்னல் இருந்து சார்ஜருக்கு இல்லாவிட்டாலும் அதே கதிதான். அரை நூற்றாண்டாகப் பெட்ரோல் பங்க்கில் நோட்டைக் கொடுத்தால் பெட்ரோல் ஊற்றுகிறார்கள். புதிய எரிபொருளுக்கு எதற்கு இத்தனை தரகர்கள்?

பெங்களூரில் இருக்கும் ஒரு மாணவரிடம் இதைக் கேட்டேன். "சார், வண்டிக்கு எவ்வளவு ஏறும் என்று முன்னாலேயே தெரியாது. சார்ஜ் போட்டுவிட்டு ஒருத்தர் காசு கட்டாமல் போய்விட்டால் என்ன செய்வது? அதனால்தான் வாலட்" என்றார். நியாயமான கேள்வி. ஆனால் இந்தக் கேள்விக்கு நம் நாட்டிலேயே பதில் இருக்கிறது. பங்கு வெளியீட்டுக்கு விண்ணப்பிப்பவர்கள் 2019 முதல் யு.பி.ஐ. வழியாகவும் விண்ணப்பிக்கிறார்கள். பணம் அவர்கள் கணக்கிலேயே தடுத்து வைக்கப்படும். பங்கு கிடைத்தால் அதற்கான தொகை மட்டும் போகும், மீதி விடுபடும். பங்கு வாங்குகிறவருக்குக் கிடைக்கும் இந்த மரியாதை, கரண்ட் வாங்குகிறவருக்கு ஏன் கிடைக்கக் கூடாது? ஐந்நூறைத் தடுத்து வையுங்கள், 188 ரூபாய் 80 காசை எடுத்துக்கொள்ளுங்கள், மீதியை விட்டுவிடுங்கள். நாம் மறுக்கப் போவதில்லை.

அவர்கள் அப்படிச் செய்யாததற்குக் காரணம் தொழில்நுட்பம் இல்லை என்பது என் சந்தேகம். வாலட்டில் தேங்கும் மீதிப் பணம் அவர்கள் கையில் வட்டியில்லாக் கடன். நம் ஊரில் இறால் ஏஜென்ட் மீனவனுக்கு முன்பணம் கொடுத்துக் கட்டிப்போடுவது உங்களுக்குத் தெரியும். வாங்கியவன் அவரிடம்தான் இறாலைப் போட வேண்டும், அவர் சொன்னதுதான் விலை. அதையே அநியாயம் என்று எத்தனை கூட்டத்தில் பேசியிருக்கிறோம்! இங்கே அதைவிட விசித்திரம். முன்பணம் கொடுப்பவரும் நாம்தான், கட்டுப்படுகிறவரும் நாம்தான். மீதி 311 ரூபாய் 20 காசுக்காக அடுத்த தடவையும் அதே கம்பெனியின் சார்ஜரைத் தேடிப் போக வேண்டும்.

அந்த முதல் ஐந்நூறு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 அன்று ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. யு.பி.ஐ.யில் நம் கணக்கிலிருந்து பணம் போய், கடைக்காரருக்கு உறுதி போய்ச் சேராவிட்டால், 5 நாளுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. நல்ல விதி. ஆனால் நாங்கள் வங்கியில் கேட்டபோது "பணம் கம்பெனிக்குப் போய்விட்டது, எங்கள் பக்கம் முடிந்தது" என்றார்கள். கம்பெனியோ "வாலட்டில் வரவில்லை, வங்கியைக் கேளுங்கள்" என்றது. தன் சரக்கை மட்டும் வாங்குவதற்காக ஒரு கம்பெனி வைத்திருக்கும் வாலட்டுக்கு ரிசர்வ் வங்கியின் அனுமதியே தேவையில்லை. ஆக, பணம் வங்கியின் வாசலைத் தாண்டிய நிமிடமே ரிசர்வ் வங்கியின் கடிகாரம் நின்றுவிடுகிறது.

மின்வாரியத்திடம் முறையிடலாமா என்றால் அதுவும் இல்லை. வண்டிக்குச் சார்ஜ் போடுவது மின்சார விற்பனை அல்ல, ஒரு சேவை, அதற்கு உரிமம் வேண்டாம் என்று 2018 ஏப்ரலில் மத்திய மின்துறை அமைச்சகம் விளக்கம் கொடுத்தது. சார்ஜர்கள் வேகமாகப் பெருக அது உதவியது, மறுக்கவில்லை. ஆனால் சார்ஜர் வாசலில் நிற்கும் நாம் மின்வாரியத்தின் நுகர்வோர் இல்லை, அவர்களின் குறைதீர் மன்றம் நமக்கு இல்லை. மிஞ்சியது நுகர்வோர் உதவி எண் 1915. அழைத்துப் புகாரைப் பதிந்தோம். பணம் போன ஒன்பதாம் நாள் அந்த ஐந்நூறு திரும்பி வந்தது. ஒரு மன்னிப்பு வார்த்தையும் கூட வரவில்லை.

வெளிநாட்டில் மட்டும் எல்லாம் ஒழுங்கு என்று சொல்ல வரவில்லை. அங்கேயும் ஆளுக்கொரு ஆப், ஆளுக்கொரு அட்டை என்று மக்கள் அலுத்துப் போனார்கள். கம்பெனிகள் தாமாகத் திருந்தவில்லை, சட்டம்தான் வந்தது. பிரிட்டனில் 2023இல் விதி போட்டார்கள். 2024 நவம்பர் முதல், 50 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள பொது சார்ஜர்களில், ஆப் இல்லாமல் வங்கி அட்டையைத் தட்டியே காசு கட்ட வழி இருக்க வேண்டும். 24 மணி நேர இலவச உதவி எண் வேண்டும். அதிவேக சார்ஜர்கள் ஆண்டு சராசரியில் 99 சதவீத நேரம் வேலை செய்ய வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்திலும் 2024 ஏப்ரல் 13 முதல், புதிதாக வைக்கும் 50 கிலோவாட் சார்ஜருக்கு அட்டை வாங்கும் வசதி கட்டாயம். சிறியவற்றுக்குக் கியூ.ஆர். இருந்தால் போதும் என்று விட்டிருக்கிறார்கள்.

கியூ.ஆர்.! அதைச் சுண்டல் கடைவரை கொண்டுபோன நாடு நம்முடையது. பழவேற்காடு மீன் மார்க்கெட்டில் நண்டு விற்கும் அம்மா முருங்கைக் கொம்பில் கியூ.ஆர். அட்டையைக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். எந்த ஆப்பில் வேண்டுமானாலும் ஸ்கேன் பண்ணலாம். முன்பணம் கேட்க மாட்டார். லட்சக்கணக்கில் போட்ட இயந்திரத்தால் அது முடியவில்லை. சில இடங்களில் சார்ஜரிலேயே கியூ.ஆர். ஒட்டி நேரடியாக யு.பி.ஐ.யில் வாங்குகிறார்கள் என்று தம்பி மகன் சொல்கிறான். முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

இன்னொன்றும் பாருங்கள். நம்மிடம் சுங்கம் வாங்க வேண்டும் என்றால் அரசுக்கு எல்லாம் முடிகிறது. 2021 பிப்ரவரியிலிருந்து தேசிய நெடுஞ்சாலை முழுக்க ஃபாஸ்டேக். எந்த வங்கியில் வாங்கினாலும் கன்னியாகுமரியிலும் செல்லும், காஷ்மீரிலும் செல்லும். அதே நெடுஞ்சாலை ஓரத்தில் நமக்குக் கரண்ட் கொடுக்க மட்டும் ஆளுக்கொரு ஆப். பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் பொது சார்ஜர்களுக்கு 2,000 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். எல்லா சார்ஜருக்கும் பொதுவாக ஒரே ஆப் வரும், பி.எச்.இ.எல். அதைப் பார்த்துக்கொள்ளும் என்று 2025 மே மாதம் செய்தியும் வந்தது. வந்தால் சந்தோஷம். ஆனால் இருபது ஆப்போடு இருபத்தொன்றாவதாக அதுவும் போனில் உட்காரக் கூடாது. மானியம் வாங்கும் ஒவ்வொரு சார்ஜரும் முன்பணம் இல்லாமல் யு.பி.ஐ.யில் காசு வாங்க வேண்டும், வரி சேர்த்த விலையை முகப்பில் எழுத வேண்டும், ஓடாத கன்னுக்குப் பச்சை விளக்கு எரியக் கூடாது. இதை மானிய நிபந்தனையாகப் போட ஒரு பக்கம் போதும்.

நம் ஏரியில் பாடு முறை எத்தனை தலைமுறையாக நடக்கிறது! இன்றைக்கு எந்த இடத்தில் எந்தத் தலைக்கட்டு வலை கட்டும் என்று சீட்டுப் போட்டு முறை வைத்திருக்கிறார்கள். அதிலும் சண்டை உண்டு, விடுபட்டவர்களின் மனக்குறை உண்டு, அதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். ஆனால் காலியாக இல்லாத இடத்தைக் காலி என்று யாரும் சொல்வதில்லை.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், காரணம் எங்கள் கார் இல்லை. நம் மாணவர் ஒருவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். பத்தாம் வகுப்பில் ஓம் விதியைக் கடைசிவரை தப்பாகவே எழுதியவர், பெயர் சொல்லமாட்டேன், அவருக்கே தெரியும். விடியற்காலையில் இறாலும் நண்டும் ஐஸ் போட்டு ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் போகிறவர். டீசல் வண்டியை மாற்றி மின்சார வண்டி எடுக்கலாமா என்று இரண்டு மாதத்துக்கு முன் என்னிடம் கேட்டார். கணக்குப் போட்டுப் பார்த்து, எடு என்று சொன்னவன் நான்தான். எங்களுக்கு அன்றைக்குப் போனது முக்கால் மணி நேரம். அவருக்கு முக்கால் மணி நேரம் என்றால் ஐஸ் உருகும், ஏலம் முடிந்துவிடும், இறால் விலை பாதியாகும். எங்களுக்கு ஐந்நூறு ஒன்பது நாள் மாட்டிக்கொண்டால் எரிச்சல். அவருக்கு அது ஒரு நாள் ஐஸும் கூலியும். வீட்டு வாசலில் வண்டி நிறுத்த இடம் உள்ளவர்களுக்கு இந்தத் தொல்லை மாதம் ஒருமுறை. ஓலை வீட்டுக்கு முன்னால் மணலில் நிறுத்துகிறவருக்குப் பொது சார்ஜர்தான் கதி, தினமும்.

வாலட்டில் இருக்கும் 311 ரூபாய் 20 காசைத் திருப்பிக் கேட்டு இரண்டு மின்னஞ்சல் போட்டாயிற்று, பதில் இல்லை. நாளைக்கு மூன்றாவது போடுகிறேன். அதையும் வைத்து நுகர்வோர் ஆணையத்துக்கு எழுதலாம் என்றிருக்கிறேன். வழக்கறிஞர்களாக இருக்கும் மாணவர்கள் யாராவது மனுவைப் பார்த்துத் திருத்திக் கொடுங்கள். பணப்பரிவர்த்தனைக் கம்பெனிகளில் வேலை பார்க்கும் பிள்ளைகள், நான் மேலே சொன்னதில் தப்பு இருந்தால் தயங்காமல் கீழே எழுதுங்கள். லோடு ஆட்டோக்காரர் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறார். அதற்குள் எழுதினால் நல்லது.

அக்காவுக்குக் கண் நன்றாகத் தெரிகிறது.