அடித்தளப் பம்புக்கு மாற்று மின்சாரம் கட்டாயமாகட்டும்

2024 அக்டோபர் நடுவில் சென்னைக்குச் சிவப்பு எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரத்தில் கார்கள் வரிசை கட்டி நின்றன. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் பட்ட அடி அப்படி. தங்கள் குடியிருப்பின் அடித்தள கார் நிறுத்தத்தை மக்கள் நம்பவில்லை. தண்ணீரை இறைக்க அங்கே பம்ப் இருக்கலாம். மழை வலுக்கும் நேரத்தில் அதற்கு மின்சாரம் இருக்குமா என்பதுதான் கேள்வி.

இருக்காது. தெருவில் தண்ணீர் ஏறும்போது, மின்சாரம் பாய்ந்து யாரும் சாகக் கூடாது என்பதற்காக மின்வாரியம் இணைப்பைத் துண்டித்தே ஆக வேண்டும். மிக்ஜாமின்போது சென்னையின் தாழ்வான பகுதிகள் பல நாள்கணக்கில் இருளில் கிடந்தன. வாரியத்தின் மின்சாரத்தை மட்டும் நம்பி ஓடும் பம்ப், வெயில் காலத்தில் ஊற்றுநீரை இறைக்க உதவும். வெள்ள நாளில் உதவாது. ஆகவே, அடித்தளம் உள்ள கட்டடத்துக்கு, அதன் பம்பை ஓட்டும் மாற்று மின்சாரம் இருப்பதை உறுதி செய்த பிறகே பணி நிறைவுச் சான்றிதழ் தர வேண்டும் என்கிறோம்.

'எங்களிடம் ஜெனரேட்டர் இருக்கிறதே' என்று பல சங்கங்கள் சொல்லும். அந்த ஜெனரேட்டர் எதற்கு இணைக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். லிஃப்ட், படிக்கட்டு விளக்கு, மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் எல்லாம் பட்டியலில் இருக்கும். அடித்தளப் பம்ப் விட்டுப்போயிருக்கும். அடுத்து, அது எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். 2012 அக்டோபரில் சாண்டி புயல் தாக்கியபோது நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனை ஜெனரேட்டர்களை 13-வது மாடியில்தான் வைத்திருந்தது. ஆனால் அவற்றுக்கு டீசல் ஏற்றும் பம்புகள் அடித்தளத்தில் இருந்தன, அவை மூழ்கின. ஊழியர்களும் படைவீரர்களும் படிக்கட்டில் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றி டீசலை மேலே கொண்டுபோனார்கள். கடைசியில் நோயாளிகளை வெளியேற்றத்தான் வேண்டியிருந்தது. ஒரே ஒரு உறுப்பு பள்ளத்தில் இருந்தாலும் மொத்த ஏற்பாடும் வீண். ஜெனரேட்டர், பம்பின் ஸ்டார்ட்டர் பெட்டி, சேஞ்ச் ஓவர் சுவிட்ச் மூன்றுமே கடந்த வெள்ளத்தின் நீர்மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். அடித்தளத்தில் தண்ணீர் சேரும் குழிக்குள் பம்பும், தண்ணீர் ஏறியதும் அதைத் தானாக ஓட்டும் மிதவை சுவிட்சும் மட்டும் போதும்.

சிறிய குடியிருப்புக்கும் தனி வீட்டுக்கும் இன்வெர்ட்டர் நல்ல வழி. ஆனால் மின்விசிறிக்கும் விளக்குக்கும் வாங்கிய இன்வெர்ட்டரை நம்பக் கூடாது. 1 ஹெச்பி என்பது 746 வாட். அது மோட்டார் தரும் வேலை. உள்ளே இழுப்பது 1,000 வாட்டுக்கும் மேல். ஸ்டார்ட் ஆகும் நொடியில் அதைவிடப் பல மடங்கு இழுக்கும். சாதாரண 900 விஏ இன்வெர்ட்டர் அங்கேயே நின்றுவிடும். 12 வோல்ட், 150 ஏஎச் பேட்டரி ஒன்றில் இருப்பது 1.8 யூனிட்தான். அரை ஹெச்பி பம்ப், இரண்டு பேட்டரி, 2 கேவிஏ சைன் வேவ் இன்வெர்ட்டர் என்று அமைத்தால் நான்கைந்து மணி நேரம் இடைவிடாமல் இறைக்கலாம். மிதவை சுவிட்ச் விட்டுவிட்டு ஓட்டினால் ஓர் இரவைத் தாண்டலாம். அதற்குப் பிறகு ஜெனரேட்டர்தான். கையில் தூக்கும் பெட்ரோல் ஜெனரேட்டரானால் திறந்தவெளியில் மட்டுமே ஓட வேண்டும். அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ கிடையாது; மூடிய பார்க்கிங்கில் அது ஆளைக் கொல்லும்.

மொட்டைமாடி சோலார் காப்பாற்றும் என்று நினைப்பவர்களும் உண்டு. பேட்டரி இல்லாமல் மின்வாரிய இணைப்போடு சேர்ந்து இயங்கும் சோலார், வாரியத்தின் மின்சாரம் நின்றதும் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் ஊழியரைப் பாதுகாக்க அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் காருக்காக மட்டும் சொல்லவில்லை. 2025 மே மாதம் பெங்களூரு பிடிஎம் லேஅவுட்டில், அடுக்குமாடி அடித்தளத்தில் தேங்கிய மழைநீரை மோட்டார் வைத்து இறைக்க முயன்றபோது 63 வயது முதியவரும் 12 வயதுச் சிறுவனும் மின்சாரம் தாக்கி இறந்தார்கள். 2022 செப்டம்பரில் தென்கொரியாவின் போஹாங் நகரில், காரை வெளியே எடுக்கக் கீழே போன குடியிருப்புவாசிகள் 7 பேர் வெள்ளத்தில் உயிரிழந்தார்கள். தானாக ஓடும் பம்பும், மேலே இருக்கும் சுவிட்சும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி கருவியும் இருந்தால், நனைந்த ஒயரைக் கையில் பிடித்தபடி யாரும் தண்ணீரில் இறங்க வேண்டியிராது.

தெருவே ஏரியாகிவிட்டால் பம்ப் தண்ணீரை எங்கே கொட்டும் என்று கேட்பது நியாயம். ஆறு கரையுடைத்து வந்தால் எந்த வீட்டுப் பம்பும் தாங்காது. பம்பின் வேலை ஊற்றுநீரையும், சரிவில் வழிந்து வரும் மழைநீரையும் வெளியேற்றுவது. தெருத் தண்ணீர் உள்ளே வராமல் தடுக்க, சரிவுப் பாதையின் தொடக்கத்தைச் சாலையைவிட உயர்த்திக் கட்ட வேண்டும். வெளியேற்றும் குழாயில் ஒருவழி வால்வு வேண்டும். இரண்டையும் செய்ய முடியாத தாழ்வான மனையில் அடித்தளம் தோண்ட அனுமதியே தரக் கூடாது.

கூடுதல் செலவு என்று கட்டுமான நிறுவனங்கள் முனகும். 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோதும் முனகல் எழுந்தது. இன்று அது இல்லாமல் வரைபடத்துக்கு ஒப்புதல் கிடைப்பதில்லை. 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் இதற்கும் ஒரு விதியைச் சேர்க்க அரசு தயங்கத் தேவையில்லை.

விதி வரும்வரை பழைய குடியிருப்புகள் காத்திருக்க வேண்டாம். வடகிழக்குப் பருவமழைக்கு முன், பகல் வேளையில், எலக்ட்ரீஷியனை உடன் வைத்துக்கொண்டு மெயின் சுவிட்சை அணையுங்கள். குழியில் தண்ணீரை ஊற்றுங்கள். மிதவை எழுந்ததும் பம்ப் தானாக ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடவில்லை என்றால் அடுத்த சங்கக் கூட்டத்தில் முதல் தீர்மானமாக இதை எடுங்கள்.