வாங்கத் தெரிந்த நமக்கு வழங்கத் தெரியாதா?

“தமிழ் வாத்தியாருக்கு எதற்கு ஐயா இந்த ரூட்டர் ஆராய்ச்சி?” என்று கல்லூரி ஓய்வறையில் நண்பர் ஒருவர் கேட்டார். கேலியாகக் கேட்டிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். பரிவோடு கேட்டார்; அதுதான் உறுத்தியது. யாப்பும் அணியும் நடத்துகிறவன் பிராட்பேண்டு மோடத்தின் அமைப்புப் பக்கங்களைத் திறந்துவைத்துக்கொண்டு இரவில் கண்விழிப்பது, அவர் பார்வையில், ஒரு வகைத் தகுதிக் குறைவு. இது அவர் ஒருவருடைய பார்வையன்று. இலக்கியம் பேசும் நம்மில் பெரும்பாலோருடையது. அதனோடு சண்டை போடத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஓர் இழப்பைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆசிரியர் ஒருவர், விடுமுறை கிடைக்கும்போதெல்லாம் ஊர் ஊராகச் சென்று ஒப்பாரிகளையும் தாலாட்டுகளையும் எழுதி வந்தவர். பாடல் மட்டுமல்ல, பாடிய அம்மையின் வயது, ஊர், எந்தச் சாவுக்குப் பாடியது, எந்த இடத்தில் குரல் உடைந்து நிறுத்தினார் என்பது வரை குறித்து வைத்திருந்தார். அச்சிட யாரும் முன்வரவில்லை. நான் முதுகலை படித்துக்கொண்டிருந்த காலத்தில், மாணவர்கள் இருவர் சேர்ந்து அவற்றை டிஸ்கி எழுத்துருவில் தட்டச்சு செய்து, இலவசமாக இடம் தந்த ஒரு தளத்தில் ஏற்றினோம். ஆசிரியர் இணைய மையத்துக்கு வந்து, தம் பாடல்களைத் திரையில் பார்த்து, நெடுநேரம் ஒன்றும் பேசாமல் இருந்தார். சில ஆண்டுகளில் அவர் மறைந்தார். அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பின் அந்தத் தளமும் மறைந்தது. முன்னறிவிப்பு வந்திருக்கிறது, நாங்கள் மறந்துவிட்ட பழைய மின்னஞ்சல் முகவரிக்கு. கையில் மிஞ்சிய குறுந்தட்டில் பாதிதான் இருந்தது. மீதிக்காகக் கையெழுத்து நோட்டுகளைத் தேடிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனபோது கறையான் எங்களை முந்திக்கொண்டிருந்தது.

(இவ்விடத்தில் உ.வே.சா.வை அழைத்து வருவது நம் மரபு. அவரைத் தொந்தரவு செய்யாமலேயே வாதத்தை முடிக்கப் பார்க்கிறேன்.)

எங்கள் கதை சிறியது. பெரிய கதைகள் எல்லோருக்கும் தெரிந்தவை. 2009 அக்டோபரில் ஜியோசிட்டிஸ் மூடப்பட்டது. 2019 ஏப்ரலில் கூகுள் பிளஸ் போயிற்று. யாகூ குழுமங்களில் கிடந்த பழைய மடல்கள் 2019இன் இறுதியில் நீக்கப்பட்டன. 2020 டிசம்பரில் குழுமங்களே இல்லாமற்போயின. ஒருகாலத்தில் புதுக்கவிதையின் எதிர்காலம் முதல் ஒற்று மிகுமா மிகாதா என்பது வரை அங்கேதான் அடித்துக்கொண்டோம். ஒவ்வொரு முறையும் நாம் செய்தது என்ன? உருக்கமாக ஓர் இரங்கற்பா எழுதினோம். எழுதிய கையோடு அடுத்த சத்திரத்துக்கு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனோம். அங்கும் வாடகை இல்லை. அங்கும் சாவி நம்மிடம் இல்லை. சத்திரத்துக்காரனைத் திட்டுவதில் எனக்கு நாட்டமில்லை. காசு வாங்காதவன் கதவைச் சாத்துகிறான். வீடு இருந்தும் சத்திரத்திலேயே படுத்துக்கொண்ட நம்மைத்தான் கேட்கிறேன்.

வீடு என்று நான் சொல்வது உவமை அன்று. உண்மையாகவே நாம் குடியிருக்கும் வீடு. ஒரு வலைத்தளம் வாழ்வதற்கு மாளிகை தேவையில்லை. 1990இன் இறுதியில் டிம் பெர்னர்ஸ்-லீ தம் செர்ன் அலுவலகத்தில் ஓடவிட்ட உலகின் முதல் வலை வழங்கி, மேசைமேல் இருந்த ஒரு கணினிதான். யாரும் தவறி அணைத்துவிடக் கூடாதே என்று அதன்மேல் கையால் எழுதி ஒரு சீட்டு ஒட்டியிருந்தார். அவர் ஆக்கிய முதல் உலாவியில் பக்கங்களைப் படிக்கவும் முடியும், திருத்தி எழுதவும் முடியும். வலை பிறந்தபோது வாசகன் வேறு, வழங்குபவன் வேறு என்ற பிரிவே இல்லை. அதைத் திரையரங்கமாக மாற்றியது பிற்பாடு நடந்தது.

என் வழங்கி, புத்தக அலமாரியில் அகராதிகளுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு ராஸ்பெர்ரி பை. உள்ளங்கை அளவு. ஏறத்தாழ 5 வாட் மின்சாரம் எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொண்டாலும், மாதம் முழுவதும் அணையாமல் ஓடினால் 3.6 யூனிட்தான். ஒருங்குறித் தமிழில் ஓர் எழுத்துக்குறி பெரும்பாலும் 3 பைட் பிடிக்கிறது. அப்படியிருந்தும் எங்களுக்கு மிஞ்சிய பாடல்கள் அத்தனையும் சேர்ந்து, கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு புகைப்படத்தின் அளவுக்கு வரவில்லை. எழுத்தைப் போல எளிதில் வழங்கத்தக்க பொருள் வேறில்லை. படம் காட்டுகிறவனுக்குத்தான் பெருங்கணினிக் கூடங்கள் வேண்டும். நமக்கு எதற்கு?

கடினம் எங்கே இருக்கிறது என்றால், அலமாரிக்கும் தெருவுக்கும் இடையில் நிற்கும் அந்த மோடத்தில். வெளியுலகுக்குத் தெரிந்த முகவரி மோடத்துக்கு மட்டும்தான். வீட்டுக்குள் இருக்கும் கணினிகளுக்கு 192.168 என்று தொடங்கும் உள்முகவரிகளை அதுவே பகிர்ந்தளிக்கிறது. கூட்டுக் குடும்பத்தில் செல்லப்பெயர்கள் வழங்குவது போல. அதே செல்லப்பெயர்கள் அடுத்த வீட்டிலும் இருக்கும், குழப்பமில்லை. உள்ளிருந்து நீங்கள் கேட்டதற்குப் பதில் வந்தால் மோடம் உரியவரிடம் சேர்த்துவிடும். கேட்காமல் யாராவது வெளியிலிருந்து வந்து கதவைத் தட்டினால், அவரை யாரிடம் அனுப்புவது என்று அதற்குத் தெரியாது, கைவிட்டுவிடும். அதற்குச் சொல்லித் தர வேண்டும்: 80ஆம் துறைக்கும் 443ஆம் துறைக்கும் வருகிறவரை இன்ன உள்முகவரிக்கு அனுப்பு என்று. போர்ட் ஃபார்வர்டிங் என்று மோடத்தின் பட்டியலில் இருப்பது இதுதான். ‘துறை’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு திணை, படித்துறை, துறைமுகம் என்று ஒரு மணி நேரம் பாடம் நடத்தக்கூடிய நாம், அந்தப் பட்டியலைக் கண்டதும் ஏன் நடுங்குகிறோம் என்பது எனக்கு விளங்கவில்லை.

எனக்கு எல்லாம் உடனே வந்துவிட்டது என்று சொல்லவில்லை. முதல் நாள், என் தளத்தின் பெயரை வீட்டிலிருந்தே தட்டிப் பார்த்தால் மோடத்தின் கடவுச்சொல் கேட்கும் பக்கம் வந்து நின்றது. ஒப்பாரிக்குப் பதில் உள்நுழைவுப் பெட்டி! இரண்டு இரவு போராடிய பிறகுதான் தெரிந்தது, பிழை ஏதுமில்லை என்று. வெளிவாசல் வழியாகச் சுற்றி வந்து தன் வீட்டுக்குள்ளேயே நுழையச் சில மோடங்களுக்குத் தெரியாது. கைப்பேசியில் வீட்டு வைஃபையை அணைத்துவிட்டு, அதன் சொந்த இணைப்பில் திறந்தபோது பாடல்கள் தெரிந்தன. மொட்டை மாடியில் நின்று படித்தேன்.

பிறகு ஒரு நாள் கண்ணாடியிழை இணைப்புக்கு மாறினோம். வேகம் பல மடங்கு. தளம் மட்டும் வெளியே யாருக்கும் தெரியவில்லை. மோடத்தின் நிலைப் பக்கத்தில் வெளிமுகவரி என்று காட்டப்பட்ட எண் 100.72 என்று தொடங்கிற்று. ‘உங்கள் முகவரி என்ன’ என்று காட்டும் தளத்திலோ வேறோர் எண். இரண்டும் பொருந்தவில்லை என்றால் நோய் இன்னதென்று அறியலாம்: நிறுவனம் நம் வீட்டுக்கு மேலே இன்னொரு மோடத்தை வைத்தாற்போல, பல வீடுகளை ஒரே முகவரிக்குப் பின்னால் அடைத்திருக்கிறது. 100.64 முதல் 100.127 வரையிலான எண்கள் இதற்கென்றே 2012இல் ஒதுக்கப்பட்டவை. இனி என் மோடத்தில் நான் எந்தத் துறையைத் திறந்தாலும், அது தெருமுனையில் பூட்டிய கதவுக்கு உள்ளே திறந்துவைத்த சன்னல்தான்.

வாடிக்கையாளர் சேவைக்குப் பேசினேன். எடுத்த இளைஞர் மிகப் பணிவாகப் பேசினார்.

“சார், வீட்டு கனெக்ஷன்ல வெளியேருந்து உள்ளே வர்ற வசதி கிடையாது. நீங்க படம் பாக்கலாம், பாட்டு கேக்கலாம், எவ்வளவு வேணும்னாலும் பாக்கலாம் சார்.”

“எனக்குப் பார்க்க வேண்டியதில்லை தம்பி. காட்ட வேண்டும்.”

சிறிது நேரம் மறுமுனையில் ஓசை இல்லை. பிறகு, அதற்கு வணிக இணைப்பு வாங்க வேண்டும் என்றார். ஒப்பாரி வணிகமா என்று கேட்க நினைத்துக் கேட்கவில்லை. அவர் என்ன செய்வார், பாவம்.

நியாயத்தைச் சொல்ல வேண்டும். முகவரிப் பஞ்சம் பொய்யன்று. பழைய ஐ.பி. முறையில் மொத்தமே ஏறக்குறைய 430 கோடி முகவரிகள்தாம். உலகப் பொதுக்கிடங்கில் இருந்த கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரியில் பகிர்ந்தளிக்கப்பட்டுவிட்டன. ஆயினும் பஞ்சத்துக்கு மருந்தும் அதற்கு முன்பே ஆயத்தமாக இருந்தது. ஆறாம் பதிப்பு முகவரிகளின் மொத்த எண்ணிக்கையை எழுதினால் 39 இலக்கங்கள் வரும். வீட்டுக்கு ஒன்றல்ல, அலமாரியில் உள்ள அகராதிக்கு ஒன்றாகக் கொடுக்கலாம். இணைப்போடு அந்த முகவரிகளைத் தருகிற நிறுவனங்களும் உண்டு. தந்துவிட்டு, உள்ளே வரும் வழியை மோடத்திலேயே அடைத்து, அதை மாற்றும் பட்டியலைப் பயனரிடமிருந்து மறைத்துவிட்டால் அந்தக் கொடைக்கு என்ன பொருள்? பஞ்சத்துக்காகக் கட்டிய சுவரை, பஞ்சம் தீர்ந்த பின்னும் வசதி கருதி வைத்திருப்பதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

‘பாதுகாப்பு’ என்பார்கள். பாதுகாப்பைப் பற்றிக் கவலைப்படுகிறவர் முதலில், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லோடு வீடுகளுக்கு வந்து சேரும் கருவிகளைப் பற்றிக் கவலைப்படட்டும். 2016இல் மிராய் என்ற தீநிரல் உலகெங்கும் ரூட்டர்களையும் கண்காணிப்புக் கேமராக்களையும் பிடித்தாட்டியது அந்த மாற்றப்படாத கடவுச்சொற்களின் தயவால்தான். துறையைத் திறந்தால் திருடன் தட்டுவான் என்பது உண்மை. என் பதிவேட்டில் முதல் இரவிலேயே, என்னிடம் இல்லாத வேர்டுபிரஸ் நிர்வாகப் பக்கத்தைக் கேட்டு யார் யாரோ தட்டியிருந்தார்கள். நான் வைத்திருப்பவை வெறும் நிலைப் பக்கங்கள்; தரவுத்தளம் இல்லை, கடவுச்சொல் கேட்கும் படிவம் இல்லை. இரண்டு துறைகளைத் தவிர வேறொன்றையும் திறக்கவில்லை. மென்பொருளை அவ்வப்போது புதுப்பிக்கிறேன். பூட்டுக்கான சான்றிதழை லெட்ஸ் என்க்ரிப்ட் இலவசமாகத் தருகிறது. இவ்வளவையும் கற்க எனக்குத் தேவைப்பட்ட காலம், யாப்பருங்கலக்காரிகையில் செய்யுளியல் படிக்க எடுத்த காலத்தைவிடக் குறைவு.

என் மனத்தை உண்மையில் அசைத்த எதிர்வாதம் ஒன்றுதான். அதைச் சொன்னவர் என் மனைவி. “நீங்கள் போன பிறகு இந்தப் பெட்டியை யார் பார்த்துக்கொள்வார்கள்?” நிறுவனம் மூடினால் போகும் என்று அழுதவன், நான் மூடினால் போகுமாறு செய்திருக்கிறேன். மின்தடையில் அணைகிறது, நினைவட்டை ஒருமுறை கெட்டும் போயிற்று. உண்மைதான். ஆனால் நம் பழைய நூல்கள் எதனால் பிழைத்தன? ஒரே இடத்தில் பத்திரமாக இருந்ததாலா? பல வீடுகளில், பல ஊர்களில், பலர் கையால் படியெடுத்து வைத்திருந்ததாலன்றோ? ஒரு வீட்டு ஏடு செல்லரித்தால் இன்னொரு வீட்டு ஏடு பேசிற்று. ஒரு வீட்டு வழங்கி காப்பகம் ஆகாது. ஐந்து வீடுகளில் ஐந்து வழங்கிகள், ஒன்றையொன்று இரவுதோறும் படியெடுத்துக்கொண்டால், அது வேறு கதை. அதற்கு ஐந்து வீடுகளுக்கும் வெளியிலிருந்து எட்டக்கூடிய முகவரி வேண்டும். வெளியில் ஒரு கணினியை வாடகைக்கு எடுத்து அதன் வழியே சுரங்கம் அமைக்கலாம் என்று அறிந்தவர்கள் சொல்கிறார்கள். இப்போதைக்கு நானும் அப்படித்தான் செய்திருக்கிறேன். என் வீட்டு வாசலுக்கு நானே சுங்கம் கட்டுவது போல இருக்கிறது.

கடைசியாக, நம்மவர்களிடம் ஒரு வார்த்தை. சர்வர் என்பதற்கு ‘வழங்கி’ என்று எவ்வளவு அழகாகப் பெயர் சூட்டினோம்! சேவகன் என்று மொழிபெயர்க்காமல், ஈகையின் பெயரைக் கொடுத்தோம். அச்சொல் சரியா, ‘பரிமாறி’ என்பது பொருத்தமா என்று சொற்போர்கூட நடந்தது. ஆனால் அந்தச் சொல்லாடலில் கலந்துகொண்டவர்களில் எத்தனை பேர் ஒரு வழங்கியை நிறுவிப் பார்த்தோம்? கலைச்சொல்லை ஆக்கினால் கலை நமதாகிவிடும் என்று நம்பினோம். கட்டணச் சீட்டில் நம் பெயர் பயனர். மாதந்தோறும் அதற்குப் பணமும் கட்டுகிறோம். நிலையான பொது முகவரியை வீட்டுக்கும் நியாயமான விலையில் கொடு, ஆறாம் பதிப்பில் வருவோரை உள்ளே விடும் அமைப்பை என் கையில் கொடு என்று எழுதிக் கேட்க, ஒற்றுப்பிழைக்கு நாலு பக்கம் மறுப்பு எழுதும் நமக்கா சொற்பஞ்சம்? நான் என் நிறுவனத்துக்கு எழுதிவிட்டேன். இதுவரை வந்த பதில், என் புகார் தீர்க்கப்பட்டுவிட்டது என்ற குறுஞ்செய்தி.

வரும் சனிக்கிழமை நாகர்கோவிலில் நண்பர் ஒருவர் வீட்டில் இரண்டாவது பெட்டியை வைக்கப் போகிறோம். ஆசிரியரின் ஒப்பாரிகளில் மிஞ்சியவை முதலில் அங்கே போகும். வீட்டில் மின்கலத்தோடு கூடிய யூ.பி.எஸ். இருக்கிறது, அலமாரியில் இடம் இருக்கிறது, நண்பரின் மகள் உதவுவதாகச் சொல்லியிருக்கிறாள். மோடத்தின் நிர்வாகக் கடவுச்சொல்லைத்தான் நிறுவனத்தார் இன்னும் தரவில்லை.