பல மரம் கண்ட தச்சன்

"பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்" என்று பெரியோர் சொல்வதுண்டு. மெட்ரிகுலேஷன் தேர்வின் முடிவு வெளியாகும் நாட்களில் யாங்கூன் தமிழ்க் குடும்பங்களில் இப்பழமொழிக்கு வேலை அதிகம். பையன் கணக்கில் கெட்டிக்காரன். கோயில் பஜனையில் மிருதங்கம் வாசிப்பான். பழுதான ரேடியோவைக் கழற்றிப் பூட்டவும் தெரியும். பெற்றோருக்கு இதில் பெருமையும் உண்டு, கவலையும் உண்டு. "எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொள்" என்பதுதான் கடைசியில் அவனுக்குக் கிடைக்கும் உபதேசம். பெண் குழந்தையாக இருந்தால் உபதேசம் இன்னும் சுருக்கமாக முடிந்துவிடும்.

உண்மையில், எதைப் பிடிப்பது என்பது பிள்ளையின் கையில் அதிகம் இல்லை. இந்நாட்டில் மொத்த மதிப்பெண்ணே ஒரு மாணவன் எந்தப் படிப்பில் சேரலாம் என்று பெரும்பாலும் தீர்மானித்துவிடுகிறது. மருத்துவத்துக்கு மதிப்பெண் இருந்தால் மருத்துவம். விருப்பம் உண்டா என்று கேட்பவர் குறைவு. தமிழ்க் குடும்பங்களுக்கு இதற்குமேல் வேறு சுமைகளும் இருந்தன. 1964-இல் கடைகள் அரசுடைமையானபோது தந்தையின் வியாபாரம் மகனுக்கு வரும் என்ற நம்பிக்கை போயிற்று. 1982-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்துக்குப் பின் முழுக் குடியுரிமை இல்லாதவர்களுக்குத் தொழிற்கல்வி எட்டாக்கனியாயிற்று. 2020-க்குப் பிறகு கல்லூரிப் படிப்பே பாதியில் நின்றுபோன பிள்ளைகளும் பலர். ஆகவே பெற்றோர் அஞ்சுவதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்த அச்சத்தினால் மிருதங்கத்தை உறைபோட்டுப் பரணில் ஏற்றிவிடுகிறார்களே, அதுதான் தவறு.

இதே ரங்கூனில் 1909-ஆம் ஆண்டு ஓர் இளைஞர் நிதித்துறை அதிகாரியாக மாற்றலாகி வந்தார். அப்போது பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம்; கல்கத்தாவிலிருந்து இங்கே மாற்றுவது சாதாரண விஷயம். வந்தவர் திருவானைக்காவலில் பிறந்த சி. வி. இராமன். பௌதிகத்தில் எம்.ஏ. படித்தவர். மாணவராக இருந்தபோதே 1906-இல் அவருடைய ஆராய்ச்சிக் கட்டுரை அயல்நாட்டு ஏட்டில் வெளிவந்திருந்தது. மேற்படிப்புக்கு இங்கிலாந்து செல்ல உடல்நிலை இடங்கொடுக்காது என்று மருத்துவர் கூறிவிட்டார். விஞ்ஞானம் படித்த இந்தியருக்கு அந்நாளில் தகுந்த பதவிகளும் அரிது. எனவே நிதித்துறைத் தேர்வு எழுதி, முதலிடம் பெற்று, 1907-இல் பதினெட்டு வயதில் உத்தியோகத்தில் அமர்ந்தார். வீட்டாருக்குப் பரம திருப்தி. பிள்ளை "ஒன்றைப் பிடித்துக்கொண்டான்" அல்லவா!

ஆனால் மற்றதை அவர் விடவில்லை. கல்கத்தாவில் டிராமில் போகும்போது பௌபஜார் தெருவில் ஒரு பெயர்ப்பலகையைக் கண்டார். 1876-இல் டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் நிறுவிய விஞ்ஞானச் சங்கம் அது. அங்கே கருவிகள் இருந்தன. பயன்படுத்துவோர்தான் அதிகம் இல்லை. விடியற்காலை ஐந்தரை மணிக்கு அங்கே போவார். திரும்பி வந்து அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு அலுவலகம் செல்வார். மாலையில் நேரே மறுபடியும் அங்கேதான். வீடு திரும்ப இரவு பத்து மணியாகும். (லோகசுந்தரி அம்மாளின் பொறுமையையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.) ரங்கூனுக்கும் பின்னர் நாகபுரிக்கும் மாற்றியபோது அந்தச் சங்கம் கைக்கெட்டாமல் போயிற்று. அப்போது குடியிருந்த வீட்டின் ஒரு பகுதியையே ஆய்வுக்கூடமாக்கிக்கொண்டார்.

பத்து ஆண்டுகள் இப்படியே சென்றன. 1917-இல் கல்கத்தாப் பல்கலைக்கழகம் பேராசிரியர் பதவி அளித்தது. சம்பளம் வெகுவாகக் குறையும் என்று தெரிந்தே உத்தியோகத்தை விட்டார். 1928-இல் இராமன் விளைவு, 1930-இல் நோபல் பரிசு. இவை எல்லோரும் அறிந்தவை. பலர் கவனியாதது, இசையில் அவருக்கிருந்த ஈடுபாடும் வீண்போகவில்லை என்பதுதான். வீணை, வயலின், மிருதங்கம் ஆகியவற்றின் நாதத்தைப் பௌதிக முறையில் ஆராய்ந்து பல கட்டுரைகள் எழுதினார்.

எல்லாப் பிள்ளைகளும் இராமன் ஆவார்கள் என்று இதற்குப் பொருள் அல்ல. அவர் அதிகாரி, அலுவலகம் முடிந்தால் மாலை அவருடையது. கடையில் காலை முதல் இரவு வரை நிற்கும் பிள்ளைக்கு ஓய்வு என்பது ஞாயிற்றுக்கிழமையில் அரை நாள் கிடைத்தால் உண்டு. ஆயினும் ஒன்று இருவருக்கும் பொது. பல ஆர்வங்களில் எது நிலைக்கும் என்று பதினாறு வயதில் அப்பனாலும் சொல்ல முடியாது, மகனாலும் முடியாது. வேலை கிடைத்த பிறகு, உடல் அலுத்துப்போன பிறகும், எதற்காகத் தூக்கத்தை விட்டு எழுகிறான் என்று பார்த்தால்தான் தெரியும். பழமொழியின் தச்சன்மீது உள்ள குறை அவன் மரம் வெட்டவில்லை என்பதே. பல மரங்களைப் பார்த்ததில் என்ன குற்றம்? ஆகவே சோறு போடும் படிப்பைப் பிள்ளை படிக்கட்டும். கூடவே இன்னொன்றுக்கு நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்கிக் கொடுப்பது பெற்றோர் கடமை. வயிற்றுப்பாட்டுக்கு ஒன்றும் மனத்துக்கு ஒன்றுமாக இரண்டு வைத்துக்கொள்வதை ஊதாரித்தனம் என்று பேசுவதையும் நிறுத்த வேண்டும்.

சங்கங்களுக்கும் இதில் பங்குண்டு. கோயில் மண்டபங்களில் விடுமுறைத் தமிழ் வகுப்புகள் நடப்பது நல்ல காரியம். அத்துடன் நின்றுவிட வேண்டியதில்லை. மாலையில் ஓர் அறை, ஒரு மேசை, சில புத்தகங்கள், ஒரு கருவிப்பெட்டி இருந்தால் போதும். ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் மெக்கானிக்குகளும் இந்நகரில் இருக்கிறார்கள், அழைத்தால் வருவார்கள்.

பௌபஜார் தெருவில் இராமன் கதவைத் தட்டியபோது திறந்தவர் ஆசுதோஷ் டே என்னும் ஊழியர். பல்கலைக்கழகத்தில் படித்தவர் அல்லர். அவரே பின்னர் நெடுங்காலம் இராமனின் ஆய்வுகளுக்கு உதவியாளராக இருந்தார். இங்கும் நிதி திரட்டுவதற்கு முன்பாகத் தேட வேண்டியது, மாலை ஆறு மணிக்குச் சாவியுடன் வந்து உட்காரக்கூடிய ஓர் அன்பரை.